எழுவானும் படுவானும்: மட்டக்களப்பு வெளிச்சத்தில் காட்டுப் பறவைகளைப் படமெடுக்க ஒரு முழு வழிகாட்டி

மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கத்தை எழுவான்கரை என்றும் மேற்குப் பக்கத்தைப் படுவான்கரை என்றும் சொல்கிறோம். பொழுது எழுகிற கரை, பொழுது படுகிற கரை. பறவைப் படம் எடுக்கப் பழக வருகிறவர்களுக்கு நான் முதலில் விளக்குவது இந்த இரண்டு சொற்களைத்தான். கமராவில் எதைத் திருகுவது, எதை அழுத்துவது என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

எங்கள் பக்கத்து வெளிச்சம் லேசானதல்ல. நாங்கள் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏழரைப் பாகை சொச்சத்தில். இங்கே சூரியன் சரிந்து சரிந்து மேலே வருவதில்லை, நெட்டுக்குத்தாக ஏறும். ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்டத்தட்ட 14 பாகை. காலை ஆறு மணிக்கு எழுந்த பொழுது எட்டு மணிக்கே சுள்ளென்று அடிக்கும். குளிர்நாட்டுக்காரர் எழுதிய வழிகாட்டிகளில் வருகிற நீண்ட பொன்வெயில் எங்களுக்குக் கிடையாது. முக்கால் மணித்தியாலம், மிஞ்சினால் ஒரு மணித்தியாலம். அதோடு வாவியில் நாளெல்லாம் கண்ணில் படுபவை வெள்ளைவெளேரென்ற கொக்குகளும் கன்னங்கரேலென்ற நீர்க்காகங்களும். இரண்டும் கமராவை ஏமாற்றும் நிறங்கள்.

முதல் வேலை: எங்கே நிற்பது

காலையில் எழுவான்கரையில் நின்று மேற்கே வாவியைப் பாருங்கள். பொழுது முதுகுக்குப் பின்னால் இருக்கும். கொக்கின் கண், அலகு, கழுத்து இறகு எல்லாம் துலக்கமாகத் தெரியும். பின்னேரம் படுவான்கரைக்குப் போய்க் கிழக்கே பாருங்கள், அங்கேயும் அதே கதைதான். ஆரையம்பதிப் பக்கமிருந்து கொக்கட்டிச்சோலைப் பக்கம் போவதற்கு முன்பெல்லாம் பாதையில் (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றும் மிதவையில்) ஏறிக் கடக்க வேண்டும். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு மோட்டார் சைக்கிளில் சில நிமிட வேலை. ஒரே நாளில் இரண்டு கரையையும் பிடிக்கலாம்.

நான் தொடங்கிய காலத்தில் இதைக் கவனிக்கவேயில்லை. வவுணதீவுப் பக்கம் காலை நேரத்தில் போய்க் கிழக்கே பார்த்துச் சுட்டுத் தள்ளினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாம் கரிக்கட்டை. நல்ல லென்ஸ் இல்லாததுதான் குறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீச்சுவலையோடு நின்ற ஒரு பெரியவர்தான் ஒருநாள், "என்ன மகன், பொழுதப் பார்த்து நிண்டா கண்ணுதான் கூசும். முதுகக் குடுத்து நில்லு" என்றார். வலை வீசுகிறவருக்குத் தண்ணீருக்குள் மீன் தெரிய வேண்டும். எனக்குக் கொக்கின் கண் தெரிய வேண்டும். தேவை ஒன்றுதான்.

சரியாக நிற்கிறோமா என்று பார்க்க எளிய வழி உங்கள் நிழல். அது பறவையை நோக்கி நீண்டு கிடந்தால் இடம் சரி. நிழல் பக்கவாட்டில் விழுந்தால் பறவையின் பாதி இருட்டில் கிடக்கும். மாதத்துக்கு மாதம் இது மாறும் என்பதையும் மனதில் வையுங்கள். மார்கழியில் பொழுது தென்கிழக்கே எழும், ஆனியில் வடகிழக்கே எழும். வைகாசியில் அருமையாக இருந்த வரம்பு கார்த்திகையில் உதவாமல் போகலாம். அதனால் புது இடத்துக்கு முதல்முறை போகும்போது கமராவை வெளியே எடுக்காமல் வெறுமனே சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள். எந்தக் கட்டையில் மீன்கொத்தி வந்து குந்துகிறது, அந்தக் கட்டைக்குப் பின்னால் இருப்பது தண்ணீரா, மரமா, வானமா, எத்தனை மணிக்கு அதன் மேல் வெயில் படுகிறது? இந்த விடைகள் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

வெளிச்சத்தை அளப்பது

இந்தப் பகுதியை ஆறுதலாக வாசியுங்கள். கஷ்டமான வெளிச்சத்தில் கெட்டுப்போகும் படங்களில் பெரும்பாலானவை இங்கேதான் கெடுகின்றன.

கமராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்குக் கொக்கும் தெரியாது, காகமும் தெரியாது. எதிரே இருக்கிற அத்தனையையும் கலந்து ஒரு நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். கண்டல் மரங்களின் இருட்டுக்கு முன்னால் ஒரு சின்ன வெள்ளைக் கொக்கு நின்றால், "எல்லாம் இருட்டாக இருக்கிறதே" என்று அது வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கண்டல் அழகாக வரும். கொக்கு இறகே இல்லாத வெள்ளைக் காகிதம் போல வெந்துபோகும். அதே கமரா, பளபளக்கும் தண்ணீருக்கு முன்னால் நிற்கும் நீர்க்காகத்தைப் பார்த்தால் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். காகம் ஒரு கறுப்பு ஓட்டை ஆகிவிடும்.

கமராவில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கூட்டல் கழித்தல் (+/−) திருகியால் இதைச் சரிக்கட்டலாம். அதில் ஒரு படி என்றால் வெளிச்சம் இரண்டு மடங்காவது அல்லது பாதியாவது. கண்டலுக்கு முன் கொக்கு என்றால் ஒன்று முதல் ஒன்றரைப் படி வரை கழியுங்கள். வானத்துக்கு முன் நீர்க்காகம் என்றால் ஒன்று முதல் இரண்டு படி வரை கூட்டுங்கள். ஆனால் பறவை ஓரிடத்தில் நிற்பதில்லை. கண்டலை விட்டுப் பறந்து தண்ணீருக்கு மேல் வந்து, பிறகு வானத்துக்கு எழும். பின்னணி மூன்று முறை மாறும். மூன்று முறையும் திருகியைத் திருப்ப யாராலும் முடியாது. இத்தனைக்கும் அந்தக் கொக்கின் மேல் விழும் வெயில் ஒரு துளியும் மாறவில்லை! ஆகவே நான் பின்னணியைப் பார்க்க விடாமல், பறவை மேல் விழும் வெளிச்சத்துக்குக் கணக்கைப் பூட்டிவிடுகிறேன். கணக்கு என்று நான் சொல்வது மூன்று: அப்பேச்சர் (லென்ஸ் துவாரத்தின் அகலம், எஃப் எண்ணால் சொல்வது), ஷட்டர் (வெளிச்சத்தை உள்ளே விடும் நேரம், 1/400 என்றால் ஒரு செக்கனில் 400இல் ஒரு பங்கு), ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கமரா காட்டும் உணர்திறன்). வெயில் நிலையாக இருக்கும் நாளில் செய்வது இதுதான்:

இந்த மூன்றையும் நீங்களே வைக்கும் மேனுவல் மோடுக்குக் கமராவை மாற்றுங்கள். என் பையில் எப்போதும் ஒரு வெள்ளை லேஞ்சி (கைக்குட்டை) இருக்கும். அதைப் பறவைகள் நிற்கும் அதே வெயிலில், வரம்பிலோ கல்லிலோ விரித்துவிட்டு, பொழுது முதுகில் இருக்க ஒரு படம் எடுங்கள். கமராவில் அளவு மீறிய வெள்ளை கண்சிமிட்டும் எச்சரிக்கையை முன்கூட்டியே போட்டு வையுங்கள். லேஞ்சி கண்சிமிட்டினால் ஷட்டரை ஒரு படி வேகமாக்குங்கள். சிமிட்டல் நிற்கிற இடம்தான் உங்கள் கணக்கு. அதற்குப் பிறகு கை வைக்காதீர்கள். கொக்கு கண்டலுக்கு முன் நின்றாலும் வானத்தில் பறந்தாலும் அதே வெள்ளையாக வரும்.

லேஞ்சி இல்லாவிட்டால் பழைய பிலிம் காலத்துக் கணக்கு ஒன்று உண்டு. நல்ல வெயிலில் எஃப் 16 வைத்தால் ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ எண்ணுக்குச் சமம். ஐஎஸ்ஓ 400 என்றால் 1/400. எஃப் 8க்கு வந்தால் அது 1/1600 ஆகும். வெள்ளைக் கொக்குக்கு அதிலும் ஒரு படி குறைத்து 1/3200. எட்டு மணிக்குப் பிறகு வானத்தில் மேகமில்லாவிட்டால் இது பெரும்பாலும் பிசகாது.

படுவான்கரையில் எருமை மந்தைகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கறுத்த முதுகில் வெள்ளை உண்ணிக்கொக்கு நிற்கும் காட்சியை எல்லோரும் எடுக்க ஆசைப்படுவார்கள், அதில்தான் எல்லோரும் தோற்பார்கள். எருமையின் தோல் தெரியவேண்டும் என்று வெளிச்சத்தைக் கூட்டினால் கொக்கு போய்விடும். கொக்குக்குக் கணக்கைப் பூட்டுங்கள், எருமை இருட்டாகவே இருக்கட்டும். ரோ (RAW) கோப்பாக, அதாவது கமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் கோப்பாக எடுத்திருந்தால் இருட்டில் கிடப்பதைக் கணினியில் ஓரளவு தூக்கி எடுக்கலாம். வெந்துபோன வெள்ளைக்குள் திரும்ப எடுக்க எதுவுமே இருக்காது. ஜேபெக் மட்டும் எடுக்கிறவர்கள் இன்றைக்கே ரோவுக்கு மாறுங்கள்.

மேகம் ஓடி ஓடி வெயில் வந்து வந்து மறையும் நாளில் இந்தப் பூட்டு உதவாது. அப்போது அப்பேச்சரையும் ஷட்டரையும் நீங்கள் வைத்துக்கொண்டு ஐஎஸ்ஓவை ஓட்டோவில் விடுங்கள். கூட்டல் கழித்தல் திருகியில் விரல் இருக்கட்டும்.

வேகமும் ஐஎஸ்ஓவும்

பறக்கும் கொக்குக்கும் நாரைக்கும் 1/2000 போதும். அந்தரத்தில் சிறகடித்து நின்று குத்தென்று விழும் கருப்பு வெள்ளை மீன்கொத்திக்கு 1/3200 வேண்டும். அசையாமல் நிற்கும் குருட்டுக்கொக்குக்கு, லென்ஸுக்கு நல்ல தாங்கல் இருந்தால் 1/125 கூடப் போதும். அது மீனுக்காக எவ்வளவு நேரம் என்றாலும் கல்லாகி நிற்கும், உங்களுக்கு அவசரமில்லை.

பலர் ஐஎஸ்ஓவைக் கூட்டப் பயப்படுகிறார்கள். 800க்கு மேல் போகக்கூடாது என்று எங்கோ வாசித்துவிட்டு 1/60இல் மங்கலான படத்தோடு வீடு திரும்புகிறார்கள். 6400இல் மணல்மணலாக வந்த கூர்மையான படத்தை இன்றைய மென்பொருள்கள் நன்றாகவே துப்புரவாக்கும். பறவை அசைந்து கலங்கிய படத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. இன்னொன்று: 1600இல் இருட்டாக எடுத்துவிட்டுப் பிறகு கணினியில் வெளிச்சம் கூட்டினால், முதலிலேயே 6400இல் சரியாக எடுத்ததைவிட மணல் கூடுதலாகத் தெரிவதே வழக்கம்.

லென்ஸுக்கும் கமராவுக்கும் இடையில் பூட்டித் தூரத்தைக் கிட்டவாக்கும் டெலிகன்வெர்ட்டரை இருண்ட நேரத்தில் கழற்றிவிடுங்கள். 1.4 மடங்குக் கன்வெர்ட்டர் பாதி வெளிச்சத்தைத் தின்னும், 2 மடங்கு முக்கால்வாசியைத் தின்னும். கிட்டப் போவதுதான் நல்லது.

விடியப்புறம், எதிர்வெயில், உச்சி வெயில்

பொழுது எழுவதற்கு இருபது நிமிடம் முன்பே எங்களுக்கு வேலை தொடங்கும். ஐஎஸ்ஓவை உயர்த்தி, அப்பேச்சரை முழுதாகத் திறந்து, ஷட்டரை மெதுவாக வைத்துத் தொடங்கி, வெளிச்சம் ஏற ஏற ஷட்டரைக் கூட்டிக்கொண்டே போங்கள். தை மாதத்து வட்டைகளில் (வயல்வெளிகளில்) பனிமூட்டம் படிந்திருக்கும். மூட்டம் வெள்ளையாக இருப்பதால் கமரா படத்தை அழுக்குச் சாம்பலாக்கும். ஒரு படி கூட்டினால்தான் கண்ணில் பட்டது போல வரும். மூட்டத்தில் போக்கஸ் முன்னும் பின்னும் தேடி அலையும். ஒற்றைப் புள்ளியை வைத்துப் பறவையின் உடம்பும் மூட்டமும் சந்திக்கும் விளிம்பில் குறிவையுங்கள், அங்கேதான் பிடிக்கும்.

எதிர்வெயிலை வேண்டுமென்றே தேடிப் போகிற நாட்களும் உண்டு. ஐப்பசியில் பெரும்போகத்துக்கு உழவு தொடங்கியதும் உழவு இயந்திரத்துக்குப் பின்னால் நூற்றுக்கணக்கில் கொக்குகள் இறங்கும். அப்போது பொழுதுக்கு எதிரே நின்றால் சிறகுகள் விளக்குச் சிமிலி போல ஒளி ஊடுருவித் தெரியும். இதற்கு இரண்டு நிபந்தனை. பறவைக்குப் பின்னால் நிழலில் கிடக்கும் மரங்களோ ஈரச் சேறோ இருக்க வேண்டும், வெளிறிய வானம் இருக்கக்கூடாது. கணக்கைச் சிறகின் ஒளிரும் விளிம்புக்கு வையுங்கள், உடம்பு இருட்டட்டும். லென்ஸ் முகப்பில் வெயில் நேரே படாமல் ஹூட் போட்டு, அதுவும் போதாவிட்டால் தொப்பியால் மறையுங்கள். கண்ணாடி வழியாக நேரே பார்க்கும் வகைக் கமராவில் ஒருபோதும் சூரியனைக் குறிவைத்துப் பார்க்காதீர்கள். அந்த லென்ஸ் கண்ணைச் சுட்டுவிடும்.

நிழலுருவப் படம் என்றால் உருவம் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க வேண்டும். பின்னேரம் கல்லடிப் பக்கமிருந்து மேற்கே பார்த்தால் செக்கலில் (அந்தி மங்கும் நேரத்தில்) நீர்க்காகங்கள் வரிசையாகப் போகும். கழுத்தும் அலகும் தனியாகத் தெரியும் பக்கவாட்டுத் தோற்றத்துக்குக் காத்திருங்கள். நேரே வரும் பறவை நிழலுருவில் வெறும் கட்டைதான்.

உச்சி வெயிலில் நான் பெரும்பாலும் கமராவை மூடிவைத்துவிடுவேன். சித்திரை (ஏப்ரல்) முற்பகுதியிலும் புரட்டாதி (செப்டெம்பர்) முற்பகுதியிலும் பொழுது நேரே உச்சந்தலைக்கு மேலே நிற்கும். பறவையின் வயிற்றுப் பக்கம் முழுக்க இருட்டு. ஆனால் இதற்கு விலக்கான இடம் ஒன்று உண்டு: வெண்மணற் கரை. முகத்துவாரத்திலும் பாசிக்குடாவிலும் மணலில் பட்ட வெயில் திரும்பி மேலே எழும்பும். தாழப் பறக்கும் ஆலாக்களின் அடிவயிறும் சிறகின் கீழ்ப்பக்கமும் அந்த வெளிச்சத்தில் மென்மையாகத் துலங்கும். அந்த நேரத்தில் அந்தப் படம் வேறெங்கும் கிடைக்காது.

கச்சான் காற்று வீசும் வெக்கைக் காலத்தில் வேறொரு தொல்லை. சுடுகாற்றில் வயல்வெளி நெளியும். தொலைவில் நிற்கும் நாரையை எவ்வளவு விலையுள்ள லென்ஸால் எடுத்தாலும் தண்ணீருக்குள் கிடப்பது போலத்தான் வரும். ஷட்டரோ ஐஎஸ்ஓவோ இதற்கு மருந்தல்ல. ஒன்பது மணிக்குள் முடியுங்கள், அல்லது இடையில் சூடான தரை கிடக்காத அளவுக்குக் கிட்டப் போங்கள்.

மழைக்காலமும் மரநிழலும்

கார்த்திகையும் மார்கழியும் எங்களுக்கு மழை. வலசை வரும் பறவைகள் நிறைந்திருப்பதும் அந்தக் காலத்தில்தான். மூட்ட வானத்தைப் பார்த்துச் சலித்துக்கொள்ளாதீர்கள். கொக்கின் வெள்ளையையும் நீர்க்காகத்தின் கறுப்பையும் ஒரே படத்தில் அடக்க அதைவிட நல்ல வெளிச்சம் இல்லை. ஐஎஸ்ஓ 800, எஃப் 5.6, 1/1000 அளவில் தொடங்குங்கள். ஒன்றை மட்டும் பாருங்கள்: வெள்ளை வானம் படத்துக்குள் வரக்கூடாது. மேலே அண்ணாந்து எடுக்காமல், தாழ நின்று பறவைக்குப் பின்னால் பயிரோ தண்ணீரோ வரும்படி பிடியுங்கள். தண்ணீரில் நடக்கும் நெடுங்கால் உள்ளானும் இலை மேல் நடக்கும் நீளவால் இலைக்கோழியும் இந்த வெளிச்சத்துக்கென்றே படைத்தவை போல வரும்.

அந்த மாதங்களில் வளவுகளுக்குள்ளும் பற்றைகளுக்குள்ளும் வந்து தங்குகிறது ஆறுமணிக்குருவி. விடியலிலும் அந்தியிலும் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர். பச்சை, நீலம், சிவப்பு, மஞ்சள் என்று இத்தனை நிறத்தோடு பிறந்துவிட்டு, சருகுக்குள் இருட்டில் கிடந்து இரை தேடும். அதன் பின்னால் ஓடாதீர்கள். அது சருகு கிளறும் இடத்தில் இலைகளுக்கிடையே வெளிச்சம் விழும் ஒரு திட்டைக் கண்டுபிடித்து, அதில் போக்கஸை வைத்துவிட்டு உட்காருங்கள். கடும் வெயில் திட்டு வேண்டாம், பாதி உடம்பு வெந்து பாதி இருண்டுபோகும். வெளிறிய நிழல் போதும். ஐஎஸ்ஓ 3200 அல்லது 6400, 1/125. அது கிளறிவிட்டு ஒரு கணம் நிமிர்ந்து நிற்கும், அப்போது நாலைந்து படம் அடுத்தடுத்து எடுங்கள். இலைகளின் பச்சை பறவை மேலும் படியும். வெள்ளைச் சமநிலையைப் பிறகு கணினியில் திருத்திக்கொள்ளலாம். பதிவு செய்த குரலைப் போட்டு அதை வெளியே இழுக்க வேண்டாம். தன் இடத்துக்கு எதிரி வந்துவிட்டதென்று அந்தச் சின்ன உயிர் அலைந்து களைக்கும்.

தாங்கலும் கிட்டப் போவதும்

முக்காலியை விட எனக்கு உதவியது ஒரு சின்னச் சாக்குப் பை. உமியை இறுக்காமல் அடைத்துத் தைத்தால் பாரமும் இல்லை, லென்ஸ் அதில் அழுந்தி உட்காரும். வரம்பிலும் தோணி விளிம்பிலும் வாகன யன்னலிலும் வைக்கலாம். தரையில் படுத்து எடுத்தால் பறவையின் கண்மட்டத்துக்கு வருவீர்கள், பின்னணியும் தூரப் போய் மென்மையாகும். ஒரு பழைய பன்பாய் கொண்டுபோங்கள்.

ஆக்காண்டி இருக்கும் வயலில் மறைந்து போவது நடக்காத காரியம். அது கத்தி ஊரைக் கூட்டிவிடும். கத்தினால் நின்றுவிடுங்கள், உட்காருங்கள், அது அமைதியாகும் வரை அசையாதீர்கள். விடாமல் தலைக்கு மேல் சுற்றிக் கத்தினால் முட்டையோ குஞ்சோ பக்கத்தில் இருக்கும். தரையில்தான் முட்டையிடும் பறவை அது. வந்த வழியே மிதித்த இடம் பார்த்துத் திரும்புங்கள். சித்திரை வெயிலில் தாய் எழும்பி நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டை வெந்துகொண்டிருக்கும்.

படுவான்கரையில் விடியப்புறமும் அந்தியிலும் யானை நடமாடும். வாவியிலும் குளங்களிலும் முதலை உண்டு. தண்ணீர் விளிம்பில் படுக்கும் முன் அந்த ஊரவரைக் கேளுங்கள். வயலுக்குள் இறங்கும் முன் வயற்காரரிடம் ஒரு சொல் சொல்லுங்கள். எந்த வக்கடையில் (வரம்பில் தண்ணீர் பாயும் வாயில்) எந்த நேரம் நாரை வரும் என்று அவர்களே சொல்லித் தருவார்கள்.

அம்பாறைப் பக்கம்

குமண, கல்லோயா தேசியப் பூங்காக்களில் விதி வேறு. பூங்கா வாசல் திறக்கும் நேரத்துக்குத்தான் உள்ளே போகலாம், குறித்த இடங்கள் தவிர வாகனத்தை விட்டு இறங்க முடியாது. ஆகவே வெளிச்சத்துக்கு ஏற்ற இடத்தில் நிற்பது சாரதியின் கையில் இருக்கிறது. புறப்படும் முன்பே "பொழுது எங்கள் முதுகுப் பக்கம் வாறமாதிரி நிப்பாட்டுங்க அண்ணை" என்று சொல்லி வையுங்கள், எஞ்சினையும் நிறுத்தச் சொல்லுங்கள். ஓடும் எஞ்சினின் அதிர்வு 1/250இலும் தெரியும். குமண வில்லில் (ஆழமில்லாத நீர்நிலையில்) வைகாசி, ஆனி மாதங்களில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டும். கூட்டுக்குக் கிட்டப் போகச் சாரதியை வற்புறுத்த வேண்டாம்.

கல்லோயாவின் சேனநாயக்க சமுத்திரம் என்ற பெரிய நீர்த்தேக்கத்தில் படகில் போனால் தண்ணீருக்குள் நிற்கும் பட்ட மரங்களில் நீர்க்காகங்கள் சிறகு விரித்துக் காயும். படகின் நல்ல வசதி, ஒரே மரத்தை வெயில் பக்கமும் எதிர்வெயில் பக்கமும் சுற்றி வந்து எடுக்கலாம். ஆடும் படகில் 1/1000க்குக் கீழே போகாதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதலில் கமராவைத் துடையுங்கள். கடற்காற்றின் உப்பும் எங்கள் ஈரலிப்பும் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்க வைக்கும். மூடி இறுகிய பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். குளிரூட்டிய அறையிலிருந்து நேரே விடியப்புறத்து ஈரக்காற்றுக்கு எடுத்துப் போனால் கண்ணாடி வியர்க்கும். புறப்பட அரை மணித்தியாலம் முன்பே பையை மூடியபடி முற்றத்தில் வைத்துவிடுங்கள்.

ரோ கோப்பைத் திறந்ததும் முதலில் வெள்ளையைப் பாருங்கள், இறகின் கோடுகள் தெரியும்வரை ஒளிர்வைக் குறையுங்கள். அதன் பிறகுதான் இருட்டைத் தூக்குவது, அதுவும் கொஞ்சமாக. எருமை எருமைக் கறுப்பாகவே இருக்க வேண்டும், சாம்பலாகத் தெரிந்தால் கூடிவிட்டது. மணல் நீக்குவதைப் பின்னணிக்குத் தாராளமாகவும் பறவையின் தலைக்குக் குறைவாகவும் செய்யுங்கள். கண்ணுக்குள் வெயில் ஒரு புள்ளியாக மின்னும் படமும் மின்னாத படமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் மின்னுகிறதை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள். கூடு தெரியும் படமாக இருந்தால் இடத்தின் பெயரைப் போடாமல் பகிருங்கள். கோப்பில் ஜிபிஎஸ் குறிப்பு இருந்தால் அதையும் நீக்கிவிடுங்கள்.